சாக்குத் துணியில் பிறந்த சரித்திரம்



மூட்டையைப் பிரித்துச் சரக்கைக் கொட்டியதும் காலிச் சாக்கை உதறி மடித்து ஓரமாகப் போடுகிறோம். சாக்கு வியாபாரி வருவார், எண்ணுவார், கிழிசலைக் கழிப்பார், ஒரு விலை சொல்லி எடுத்துப் போவார். அதோடு அந்தச் சாக்கின் கதை நமக்கு முடிந்துவிடுகிறது.

எங்கள் கடையில் ஒரு காலத்தில் மைதா மாவு துணிப்பையில் வந்தது. காலிப் பைகளை எங்கள் தாயார் விற்க விடமாட்டார். சலவைச் சோடா போட்டு இரவெல்லாம் ஊற வைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, தலையணை உறை தைப்பார். தயிர் வடிகட்ட ஒரு துண்டு, அடுப்படியில் பிடிதுணிக்கு ஒரு துண்டு என்று எதையும் வீணாக்கமாட்டார். எவ்வளவு துவைத்தாலும் மில்லின் முத்திரை முழுவதும் போகாது. நாங்கள் தலை வைத்துப் படுத்த தலையணையில் மில்லின் பெயர் பாதி தெரியும். இது நம்மில் பல குடும்பங்களில் நடந்ததுதான்.

அதே மாவு மூட்டைத் துணி, கடல் கடந்த ஒரு நாட்டில் கலைக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது என்றால் நம்ப முடிகிறதா? நாங்களும் நம்பவில்லை. மகன் வேலை பார்க்கும் அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்கு நாங்கள் போயிருந்தபோது, அங்குள்ள ஹை கலைக்கூடத்திற்கு அழைத்துப் போனார்கள். பெரிய பெரிய சித்திரங்களுக்கு நடுவே, பழைய வேலைத் துணிகளை வெட்டித் தைத்த போர்வை ஒன்றும் மாட்டியிருந்தது. நம் ஊரில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்குப் போடுவோமே, அந்த வகை. அங்கே இதைக் ‘குவில்ட்’ என்கிறார்கள். நாம் ஒட்டுப் போர்வை என்று சொல்லிக்கொள்வோம்.

அதைத் தைத்த ஊரின் கதையைக் கேட்டபிறகும், படித்தபிறகும், இது நம் பத்திரிகையில் வரவேண்டிய செய்தி என்று தோன்றியது. ஏனென்றால் அந்தக் கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வியாபாரி நிற்கிறார். சில இடங்களில் நல்லதற்கு நிற்கிறார். சில இடங்களில் கெட்டதற்கு நிற்கிறார்.

கடனுக்குக் கைமாறிய ஊர்

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம். அதில் வில்காக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர் ஜீஸ் பெண்ட். ‘ஜீ என்பவரின் வளைவு’ என்று பொருள். அரசாங்கக் கணக்கில் இப்போது பாய்கின் என்று பெயர். 1816ல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசப் ஜீ என்ற நிலக்கிழார் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் சந்ததியினரும்.

1845ல் ஜீ குடும்பத்தார் 29,000 டாலர் கடனைத் தீர்ப்பதற்காக அந்தத் தோட்டத்தை மார்க் பெட்வே என்ற உறவினருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிலத்தோடு அதில் இருந்த மனிதர்களும் கைமாறினார்கள். மறு வருடம் பெட்வே தம் அடிமைகளில் சுமார் நூறு பேரை வட கரோலினாவிலிருந்து நடத்தியே கூட்டி வந்தார். அந்த ஊரில் இன்றைக்கும் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. சொந்தப் பெயரைக்கூட முதலாளியின் பேரேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

1865ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் அவர்களுக்கு வரவில்லை. அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள காம்டன் நகரத்துக் கடையில் பற்று வாங்குவது. பருத்தி எடுத்ததும் கொண்டுபோய்ப் போட்டுக் கணக்குத் தீர்ப்பது. பல வருடங்களில் கணக்குத் தீராது; பாக்கி அடுத்த வருடத்துக்கு எழுதப்படும். இந்த முறை நமக்குப் புதிதல்ல.

போர்வை எப்படித் தைத்தார்கள்?

குளிர்காலத்தில் மரப்பலகை வீட்டின் இடுக்குகளில் காற்று புகும். பழைய செய்தித்தாள்களைச் சுவரில் ஒட்டி அடைப்பார்கள். அதற்குமேல் குளிரைத் தடுப்பது போர்வைதான். விலைக்கு வாங்க வழி இல்லை. ஆகவே வீட்டுப் பெண்கள் தைத்தார்கள்.

போர்வைக்கு மூன்று அடுக்கு. மேல் அடுக்கு, பழைய துணிகளை வெட்டி ஒட்டுப் போட்டது. நடு அடுக்கு பஞ்சு. பருத்தி அரைக்கும் ஆலையின் தரையில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி எடுத்து, அடித்துப் பரப்பிக்கொள்வார்கள். அடி அடுக்குக்குப் பெரும்பாலும் மாவு, சர்க்கரை, உரம் வந்த துணி மூட்டைகள். பிரித்து, துவைத்து, அகலமாகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். பிறகு மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து, மூன்று அடுக்கும் பிடிக்கும்படி நெருக்கமாக ஓட்டத் தையல் போடுவார்கள். அதைத்தான் குவில்டிங் என்கிறார்கள்.

மேல் அடுக்குக்கு அவர்களிடம் இருந்தது உழைத்துத் தேய்ந்த துணிதான். முழங்காலில் கிழிந்த கால்சட்டை, வியர்வையில் வெளுத்த சட்டை, மேலங்கியின் வால். கால்சட்டையில் பை இருந்த இடம் வெயில் படாமல் நிறம் மங்காதிருக்கும்; பையைப் பிரித்தெடுத்தால் வெளுத்த நீலத்தில் கருநீலச் சதுரம் ஒன்று தெரியும். அதையும் அழகாகவே வைத்துத் தைத்தார்கள். சதுரத்துக்குள் சதுரமாகச் சுற்றிப் போகும் மாதிரிக்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயர். செங்கல் அடுக்கினாற்போல வருவது ‘கொத்தனார்’. மாதிரி ஒன்றானாலும் இரண்டு பேர் தைத்தது ஒன்றுபோல் இராது. கையில் கிடைத்த துணிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்கள்.

1942ல் மிசூரி பெட்வே என்ற அம்மையாரின் கணவர் இறந்தார். அவர் உடுத்திய வேலைத் துணிகளையே வெட்டி அந்த அம்மையார் ஒரு போர்வை தைத்தார். மகள் அர்லோன்சியா கூடவிருந்து துணி கிழித்துக் கொடுத்தார். கணவரை நினைத்துக்கொண்டு, அந்த அன்பைப் போர்த்திப் படுப்பதற்காக அம்மா அதைத் தைத்தார் என்று மகள் பிற்காலத்தில் சொன்னார். நீலம், பழுப்பு, வெள்ளை என்று வெளுத்துப்போன பட்டைகள். இடையிடையே மூட்டைத் துணியும் உண்டு. இன்று உலகறிந்த கலைப்பொருள் அது. தைத்த அன்றைக்கு அது ஒரு விதவையின் போர்வை.

மூட்டையையே சரக்காக்கிய மில்கள்

இங்கே நம் தொழில் சம்பந்தமான ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மாவும் தீவனமும் முதலில் மரப்பீப்பாய்களில் வந்தன. தையல் இயந்திரம் வந்து, பிரியாத உறுதியான தையல் போட முடிந்த பிறகு பருத்தித் துணிப்பை பீப்பாயின் இடத்தைப் பிடித்தது. பெண்கள் பையைத் துணியாகப் பயன்படுத்துவதை மில்காரர்கள் கவனித்தார்கள். 1920களின் நடுவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து மாவு மில் ஒன்று கட்டம் போட்ட வண்ணத் துணியிலேயே மாவைக் கட்டி, ‘கிங்காம் கேர்ள்’ என்ற முத்திரையில் விற்றது. பிறகு பூப்போட்டது, புள்ளி போட்டது என்று பல மில்களும் இறங்கின. துவைத்தால் போகும் மை, பிரித்தெடுக்கும் காகித முத்திரை எல்லாம் வந்தன.

நூறு ராத்தல் தீவன மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குமேல் துணி கிடைக்கும். ஒரே மாதிரி மூன்று மூட்டை சேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு உடுப்பாகிவிடும். ஆகவே கடையில் எந்த மூட்டையை எடுப்பது என்று தீர்மானித்தது வீட்டுப் பெண்களின் கண்தான். ‘அடியில் இருக்கும் அந்தப் பூ மூட்டைதான் வேண்டும்’ என்றால் கடைப்பையன் மேலேயுள்ள மூட்டையெல்லாம் இறக்கித்தான் ஆகவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பை மலிவாக வந்து, 1960களுக்குள் துணி மூட்டை மறைந்துபோனது.

1932: ஒரு பற்று நோட்டின் கொடுமை

மீண்டும் ஜீஸ் பெண்டுக்கு வருவோம். 1919ல் ராத்தல் சுமார் 35 சென்ட் விற்ற பருத்தி, 1931ல் 6 சென்டுக்கும் கீழே போனது. பயிர் வைத்தவனுக்கு உரக் கடனே தேறவில்லை. காம்டன் நகரத்து வியாபாரி ஒருவர் அந்த ஊர்க் குடும்பங்களுக்குத் தொடர்ந்து பற்றுக் கொடுத்துவந்தார். பாக்கி ஏறிக்கொண்டே போனது.

1932ல் அந்த வியாபாரி காலமானார். அவருடைய மனைவி பாக்கி முழுவதையும் உடனே கட்டவேண்டும் என்றார். கட்ட எவரிடமும் பணம் இல்லை. ஆட்கள் வந்தார்கள். சுமார் 60 குடும்பங்களின் வீடுகளிலிருந்து கோவேறு கழுதை, மாடு, பன்றி, கோழி, வண்டி, ஏர், மண்வெட்டி, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று எல்லாவற்றையும் ஏற்றிப்போனார்கள். விதைக்கு வைத்திருந்ததும் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் படகில் அனுப்பிய மாவும், ஆற்றில் பிடித்த மீனும், காட்டில் கிடைத்ததும்தான் உயிரைக் காத்தன. அவர்களிடம் மிஞ்சியவற்றில் போர்வைகளும் இருந்திருக்க வேண்டும். கந்தல் துணியைக் கடனுக்கு எவர் எடுப்பார்?

அந்த அம்மையாரை மட்டும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவருக்கும் மேலே கடன்காரர்கள் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறோம்.

எங்கள் தகப்பனார் 1984ல் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவில் பெரியவர்கள் பற்று நோட்டை எடுக்கச் சொன்னார்கள். “ஆள் போனால் கடனும் போகும் தம்பி, சூட்டோடு சூடாக வசூல் பண்ணிவிடு” என்றார்கள். எங்களுக்கு அப்போது இருபது வயது தாண்டிச் சில வருடம். அண்ணனும் நாமும் கிளம்பினோம். பக்கத்துக் கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் 2,340 ரூபாய் பாக்கி. தை அறுவடை வரை பொறுக்கச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அவர் கடைத் தராசையும் படிக்கற்களையும் எடுத்து வந்து எங்கள் திண்ணையில் வைத்தோம்.

எங்கள் தாயார் அதைப் பார்த்தார். திட்டவில்லை. “தராசு இல்லாமல் அவர் எதை வைத்து நிறுத்து விற்று, எப்படியப்பா உங்கள் கடனைக் கொடுப்பார்?” என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம். அவர் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு தீபாவளிக்குள் பாக்கியைப் பைசா குறையாமல் தீர்த்தார். ஆனால் அதன் பிறகு எங்களிடம் ஒரு மூட்டை சரக்குக்கூட எடுக்கவில்லை. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறோம். ஜீஸ் பெண்டில் ஏரையும் மண்வெட்டியையும் ஏற்றிப்போன செய்தியைப் படித்தபோது அந்தத் தராசுதான் கண்முன் வந்தது.

நிலம் கிடைத்தது, படகு நின்றது

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்து அரசாங்கம் 1930களின் கடைசியில் அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கியது. வீடு, பள்ளிக்கூடம், பருத்தி ஆலை, கூட்டுறவுப் பண்டகசாலை ஆகியவை கட்டப்பட்டன. 1940களில் நிலத்தைக் குடும்பங்களுக்கே குறைந்த வட்டிக் கடனில் விற்றது. இதனால் அக்கம்பக்கத்து ஊர்களில் மக்கள் கலைந்து போனபோதும் இந்த ஊர் கலையவில்லை. போர்வைக் கலை தாயிடமிருந்து மகளுக்கு அறுபடாமல் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்தக் காலத்தில்தான் ஊரின் முதல் ஆவணங்களும் உண்டாயின. 1937ல் அரசாங்கம் அனுப்பிய ஆர்தர் ராத்ஸ்டைன் என்ற புகைப்படக்காரர், பெண்கள் போர்வை தைப்பதையும் சேர்த்துப் படம் எடுத்தார். 1941ல் ராபர்ட் சோன்கின் என்பவர் ஊராரின் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்தார். அவை வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

1960களில் கருப்பின மக்கள் ஓட்டுரிமைக்குப் போராடினார்கள். ஜீஸ் பெண்டுக்காரர்கள் ஓட்டுப் பதிவுக்கு அக்கரைக்குப் போவதைத் தடுக்க, 1962ல் ஆற்றைக் கடக்கும் படகை நிறுத்திவிட்டார்கள். எதிரே தெரியும் காம்டன் நகருக்குச் சாலை வழியே சுற்றினால் ஒரு மணி நேரத்துக்குமேல் பயணம். 1965ல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து பேசினார். ஓட்டுக் கேட்டதற்காகப் பலர் வேலையையும், கடையில் பற்றையும் இழந்தார்கள். படகு மறுபடி ஓடியது 2006ல். 44 வருடம் கழித்து.

முதல் சந்தை: ஒரே அளவு, ஒரே தையல்

1965 டிசம்பரில் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பகுதிக்கு வந்தபோது, ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு வியந்தார். ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்துப் பலரிடம் வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விடச் செய்தார். அதில் வந்த பணத்தையும் ஊக்கத்தையும் கொண்டு 1966ல் ‘ஃபிரீடம் குவில்டிங் பீ’ என்ற பெண்கள் கூட்டுறவு தொடங்கியது. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் அதை நடத்தினார். நியூயார்க் பெரிய கடைகளுக்குச் சரக்கு போயிற்று. 1972ல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கொடுத்தது.

இதில் இரு பக்கமும் உண்டு. பல பெண்களுக்கு முதன்முதலாகக் கையில் சம்பளம் கிடைத்தது. ஆனால் கம்பெனி கேட்டது ஒரே அளவு, ஒரே தையல், ஒரே நிறம். அவரவர் மனம் போல் தைத்த கைக்கு அதில் வேலை இல்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் கெட்டிக்காரர்கள். வெட்டியதில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், பொன்னிறம், பச்சை, செந்நிறம் என்று தங்களுக்குப் பிடித்தபடி போர்வை தைத்தார்கள். ஒப்பந்தச் சரக்கு போன இடம் தெரியவில்லை. மிச்சத் துணியில் தைத்ததைக் கலைக்கூடங்கள் காத்து வருகின்றன! அந்தக் கூட்டுறவு 2012ல் மூடப்பட்டது.

ஒரு போர்வை வியாபாரியின் கவலை

ஆவணப்படுத்துவது என்ற வேலை வேறொரு மாநிலத்தில் முறையாகத் தொடங்கியது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் புரூஸ் மேன் என்பவர் பழைய போர்வைகளை வாங்கி விற்றவர். தம் மாநிலத்து நல்ல போர்வைகள் எல்லாம், எவர் தைத்தது என்ற விவரம்கூட இல்லாமல் வெளியே போய்க்கொண்டிருப்பதைக் கண்டு கவலைப்பட்டவர் அவர்தான். விற்றுப் பிழைத்தவருக்குத்தான் போவதின் அருமை தெரிந்தது. எண்ணம் கைகூடும் முன் அவர் மறைந்தார். மற்றவர்கள் சேர்ந்து 1981ல் கென்டக்கி குவில்ட் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த காரியம் எளிமையானது. மாநிலத்தில் 12 ஊர்களில் ‘போர்வை நாள்’ அறிவித்தார்கள். ‘வீட்டிலுள்ள பழைய போர்வையைக் கொண்டுவாருங்கள், நாங்கள் வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம், எழுதிக்கொண்டு திருப்பித் தருவோம்’ என்பதுதான் முறை. மக்கள் கொண்டுவந்தார்கள். நீள அகலம், துணி, பஞ்சு, தையல், தைத்தவர், வருடம், எப்படிக் கைமாறி வந்தது என்று எழுதிக்கொண்டு படம் எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் பதிவாயின. பிறகு கண்காட்சியும் நூலும் வந்தன. மற்ற மாநிலங்களும் இதையே பின்பற்றின. 2003 முதல் இப்படிப்பட்ட பதிவுகள் குவில்ட் இண்டெக்ஸ் என்ற பெயரில் கணினி வழியே உலகம் பார்க்கக் கிடைக்கின்றன. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் 1997ல் தொடங்கிய நிறுவனம் இன்று சர்வதேசக் குவில்ட் அருங்காட்சியகமாக வளர்ந்திருக்கிறது.

புகழ் வந்தது, வழக்கும் வந்தது

1990களின் கடைசியில் அட்லாண்டாவைச் சேர்ந்த கலைப்பொருள் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் ஒரு புத்தகத்தில் புகைப்படம் ஒன்றைக் கண்டார். விறகுக் குவியலின் மேல் போட்டிருந்த போர்வை. தைத்தவர் ஜீஸ் பெண்டைச் சேர்ந்த ஆனி மே யங். அவரைத் தேடிப்போய் வாங்கினார். ஊர் முழுக்க நூற்றுக்கணக்கில் வாங்கினார். தைத்தவர் பெயரையும் கதையையும் எழுதி வைத்தார். 2002ல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி. அதே வருடம் நியூயார்க்கில். பெரிய பத்திரிகைகள் கொண்டாடின. 2003ல் ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். 2006ல் அமெரிக்க அஞ்சல் துறை அவர்களுடைய 10 போர்வைகளைத் தபால் தலைகளாக வெளியிட்டது.

போர்வையின் மாதிரிகள் தரைவிரிப்பு, இன்னும் பல வீட்டுச் சாமான்கள் என்று அச்சாகி விற்பனைக்கு வந்தன. அந்த வருமானத்தில் தங்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்று ஊர்ப் பெண்கள் சிலர் 2007ல் நீதிமன்றம் போனார்கள். ஆர்னெட் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. 2008ல் வழக்குகள் சமாதானமாக முடிந்தன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் வியாபாரி என்ற முறையில் ஒன்று தெரிகிறது. ஒரு பொருளை விற்பது வேறு. அதன் மாதிரியை விற்பது வேறு. இரண்டையும் முதலிலேயே தனித்தனியாகப் பேசி, எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது. வாய்ப்பேச்சு வியாபாரத்தில் எளியவர் பக்கம்தான் எப்போதும் சந்தேகம் மிஞ்சும்.

ஆர்னெட் நிறுவிய அறக்கட்டளை பின்னர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் முதலிய இடங்களுக்குப் போர்வைகளை வழங்கியது. 2015ல் மேரி லீ பெண்டோல்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் நாட்டின் பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது. 2021 முதல் பல பெண்கள் இணையத்தில் தங்கள் பெயரிலேயே கடை வைத்து விற்கிறார்கள். 2022 முதல் அக்டோபர் மாதத்தில் ஊரில் திருவிழா ஒன்று நடக்கிறது. கொடி கட்டிப் போர்வைகளைக் காற்றாடப் போடுகிறார்கள். வருகிறவர்கள் தைத்தவர் கையிலேயே பணம் கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் நிறுத்தப்பட்ட ஆற்றுப் படகு 2019 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வணிகப் பெருமக்களே! இது அயல்நாட்டுச் செய்திதானே என்று விட்டுவிட வேண்டாம். நம் கடைகளிலும் வீடுகளிலும் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். பாட்டி தைத்த பழந்துணிப் போர்வை, தாத்தா காலத்துப் பேரேடு, பித்தளைப் படி, மரக்கால், முத்திரை போட்ட துணிப்பை, பழைய விலைப்பட்டியல். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இவைதான் முதலில் தெருவுக்குப் போகின்றன. அந்த நாட்டார் செய்ததில் நம்மால் ஆகக்கூடியவை சில:

1. பொருளைப் படம் எடுத்து, நீள அகலம், எதனால் ஆனது, செய்தவர் பெயர், ஊர், உத்தேச வருடம் ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள். தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

2. துணியானால் ஒரு சிறு வெள்ளைத் துணியில் விவரம் எழுதி அடிப்பக்க மூலையில் லேசாகத் தைத்து விடுங்கள். சீட்டு தொலையும், தைத்தது தொலையாது.

3. பழந்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீர்கள். ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். மரப்பலகை மேல் நேராக வைக்காமல், துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக் கணக்கில் விட்டால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள், அல்லது சுருட்டி வையுங்கள். வெயில் படவேண்டாம்.

4. விற்பதானால் விற்கலாம், தவறில்லை. ஆனால் செய்தவர் பெயரையும் சேர்த்தே விற்கவேண்டும். பெயர் போன பொருள் பழைய சாமான் கடைச் சரக்கு. பெயர் உள்ள பொருள்தான் சரித்திரம்.

5. நம் சங்கக் கிளைகள் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘பழைய சாமான் நாள்’ வைத்து, உறுப்பினர் வீட்டுப் பொருள்களை எழுதிப் பதிவு செய்யலாம். செலவு ஒரு நோட்டும் ஒரு மேசையும்தான்.

கடைசியாக ஒன்று. ஜீஸ் பெண்டுப் பெண்களின் போர்வையில் நம் போன்ற வியாபாரிகள் அனுப்பிய மாவு மூட்டை இருக்கிறது. நம் போன்றவர்கள் வைத்திருந்த பற்று நோட்டின் வலியும் இருக்கிறது. பிறர் எழுதிய சரித்திரத்தில் வியாபாரி எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பது, அவன் கஷ்ட காலத்தில் நோட்டை எப்படிப் புரட்டினான் என்பதைப் பொறுத்தது. எங்கள் பழைய நோட்டில் அந்த 2,340 ரூபாய்க்கு எதிரே ‘தீர்ந்தது’ என்று எழுதியிருக்கிறது. பணக் கணக்குத் தீர்ந்தது உண்மைதான்.

வாழ்க வணிகம்! வளர்க நம் ஒற்றுமை!